அடிப்பட்டை அசையாதபோது

பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்திற்கு இன்றே கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கணினியை இயக்குகிறீர்கள். திரையில் படம் தோன்றுகிறது. மௌஸின் அம்புக்குறியும் நகர்கிறது. ஆனால் திரையின் அடியில் நீண்டு கிடக்கும் டாஸ்க்பார் மட்டும் எத்தனை முறை சொடுக்கினாலும் அசைந்து கொடுப்பதில்லை. உடனே வீட்டிலுள்ளோருள் ஒருவர், "சுவிட்சை அணைத்துப் போடு" என்பார். அன்புகூர்ந்து அதை மட்டும் செய்ய வேண்டாம்.

1995-ஆம் ஆண்டு விண்டோஸ் 95 உடன் அறிமுகமான இந்தப் பட்டை, 'எக்ஸ்புளோரர்' என்னும் புரோகிராம் ஒன்றின் வெளிமுகமேயாகும். அது மயங்கிக் கிடக்கும்போதும் ஏனைய புரோகிராம்கள் பெரும்பாலும் விழித்தே இருக்கும். வாயிற்காவலன் உறங்கிவிட்டான் என்பதற்காக வீட்டை இடிப்பார் உண்டோ? திடீரென மின்சாரத்தைத் துண்டித்தால், அந்நேரத்தில் ஹார்டு டிஸ்க்கில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஃபைல்கள் பாதியில் சிதைந்துபோகக்கூடும். ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த குடும்பப் படங்களும் அதே டிஸ்க்கில்தானே இருக்கின்றன!

முதலில் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். கணினி கண்விழித்தவுடன் வைரஸ் தடுப்பு, அரட்டைச் செயலி, பிரிண்டர் புரோகிராம் என்று பலவும் ஒரே வேளையில் முண்டியடித்துக்கொண்டு கிளம்புகின்றன. பழைய கணினியாயின் அந்த நெரிசல் அடங்கச் சற்று நேரமாகும்.

பொறுத்தும் பயனில்லையேல், கீபோர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்துங்கள். டாஸ்க்பாரின் தயவின்றியே டாஸ்க் மானேஜர் திறக்கும். அதன் பட்டியலில் 'விண்டோஸ் எக்ஸ்புளோரர்' என்ற பெயரைத் தேடி, அதன்மேல் மௌஸின் வலப்பொத்தானை அழுத்தி, 'ரீஸ்டார்ட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். அடிப்பட்டை ஒரு கணம் மறைந்து, மீண்டும் தோன்றும். திறந்து வைத்திருந்த ஃபோல்டர்கள் மூடிக்கொள்ளலாம். வேர்டில் பாதி எழுதிய கடிதத்திற்கோ ஒரு குறைவும் வாராது.

அதற்கும் அசையவில்லையாயின், முழுக் கணினியையும் ரீஸ்டார்ட் செய்க. கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தினால் வரும் திரையின் வலக்கீழ் மூலையில் அதற்கான குறி உண்டு. இங்கே நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று: 'ஷட் டவுன்' செய்து மறுபடி போடுவதும் 'ரீஸ்டார்ட்' செய்வதும் ஒன்றல்ல. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் ஏற்பாடு இயங்கும் கணினிகளில், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி முற்றிலும் மூடப்படாமல் டிஸ்க்கில் அப்படியே பதித்து வைக்கப்படுகிறது. மறுநாள் நேற்றைய கோளாறும் கூடவே எழுந்துவரலாம். ரீஸ்டார்ட் ஒன்றே புதிதாகத் தொடங்குவது. பழைய பெயரை வைத்துக்கொண்டே பொருளை மாற்றிய இந்த ஏற்பாடு எமக்கு அத்துணை உவப்பானதன்று.

குற்றம் எப்போதும் நம்முடையது என்று வருந்தவும் வேண்டாம். 2021 செப்டம்பரில், விண்டோஸ் 11 பொதுமக்களுக்கு வெளியாகுமுன்பே அதைச் சோதித்துவந்தோர் பலருக்கு டாஸ்க்பார் ஒருங்கே முடங்கிற்று. மைக்ரோசாஃப்ட் தன் சர்வர்களிலிருந்து அனுப்பிய ஒன்றே காரணம் என அறிந்து, அதை நிறுத்தியது. முடங்கிய கணினிகளைச் சீராக்கும் வழியையும் வெளியிட்டது.

தொல்லை நாள்தோறும் தொடர்ந்தால், அதே டாஸ்க் மானேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில், கணினியுடன் தாமாகவே கிளம்பும் புரோகிராம்களுள் வேண்டாதவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். வைரஸ் தடுப்பை மட்டும் தொடாதீர்கள். பிறகு, புதிய யூசர் அக்கவுண்ட் ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள். அதில் பட்டை ஒழுங்காக இயங்குமாயின், பழுது பழைய அக்கவுண்டின் அமைப்புகளில் இருக்கிறது. படங்களையும் ஆவணங்களையும் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கும் அசையாவிடில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்க. அவர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றால், அதற்கு இசையுமுன் படங்கள் அனைத்தையும் வெளியே ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.