எங்கம்மாவை ஐஸ் பெட்டியில வைக்கலை

போன மாசியில எங்கம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு உசுரு போச்சு. பகல் பதினோரு மணிக்கெல்லாம் வண்டியில ஏத்தி டவுன் எரிவாயு தகன மேடைக்குக் கொண்டு போயிட்டோம். ரெண்டு மணிக்கு சாம்பலோட வூட்டுக்குத் திரும்பியாச்சு. பந்தல் இல்லை, தப்பு இல்லை, பூத்தேர் இல்லை, வெடி இல்லை. ஊருக்குள்ள இன்னும் அதைப் பத்தித்தான் பேச்சு. "அந்த வூட்டுக்காரன் ஆத்தாளை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போற மாதிரி கொண்டு போயிட்டான்"னு டீக்கடையில சொன்னது என் காதுக்கே வந்துச்சு.

அதனால ஏன் அப்படிச் செஞ்சேன், அதுல எது சரி, எது தப்புன்னு இங்க எழுதி வைக்கறேன். படிக்கறவங்க பாதிப் பேரு சென்னை, கோயமுத்தூர், பெங்களூர்ல இருக்கீங்க. உங்களுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. அதையும் சொல்றேன்.

முதல்ல எங்க அய்யன் கதை. 2014 ஐப்பசியில அவரு போனாரு. அடைமழை. பெங்களூர்ல இருந்து ஒரு சொந்தம், மும்பையில இருந்து ஒரு சொந்தம் வரோணும்னு ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில வெச்சிருந்தோம். கரண்டு போறப்பெல்லாம் ஜெனரேட்டர். சாமியானா கிழிஞ்சு தண்ணி கொட்டுச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம் பூத்தேர்ல வெச்சு, தப்பு செட்டு முன்னால போக, வெடி போட்டுட்டே சுடுகாடு போனோம். விறகு பூரா நனைஞ்சு கெடந்துச்சு. அரை டன் விறகும் வரட்டியும் அடுக்கியும் தீ பிடிக்கலை. மண்ணெண்ணெய் ஊத்தி, பழைய டயர் போட்டு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நானும் என் தம்பியும் குடை பிடிச்சுட்டு நின்னோம். அன்னைக்குப் பார்த்ததை எழுத வேண்டாம். பெத்த தகப்பனை ஒருத்தன் அப்படிப் பார்க்கக் கூடாது.

வெள்ளாமைக் கணக்கு எழுதற நோட்டுலயே அந்தச் செலவையும் எழுதி வெச்சிருக்கேன். ஐஸ் பெட்டி 5,000. பந்தல், நாற்காலி 11,000. தப்பு செட்டு 12,000. பூத்தேர் 10,000. விறகு, வரட்டி 9,000. வெடி 4,000. வந்தவங்களுக்கு டீ, சாப்பாடு 14,000. "மத்த செலவு"ன்னு 13,000. அது என்னன்னு கிராமத்துல பொறந்தவங்களுக்குத் தெரியும், பாட்டிலுக்குத்தான். மூணாம் நாள் கொடுமுடிக்கு வேன் 7,000. கருமாதி விருந்து 46,000. ஆகக்கூடி 1,31,000 ரூபாய்.

மூணு ஏக்கர்ல வெங்காயமும் மக்காச்சோளமும் போடறவன்கிட்ட திடுதிப்புன்னு அவ்வளவு பணம் எங்க இருக்கும்? கறவை மாடு ஒண்ணு 32,000-க்குப் போச்சு. என் சம்சாரத்தோட நகையை அடமானம் வெச்சு 60,000. மீதி கைமாத்து. நகையைத் திருப்ப மூணு வருசமாச்சு. உழவர் பாதுகாப்புத் திட்டத்துல ஈமச்சடங்குக்குன்னு வெச்சிருந்த தொகை 2,500 ரூபாய். அரசாங்கக் கணக்குக்கும் ஊர்க் கணக்குக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல விழறது என்னை மாதிரி ஆளுங்கதான்.

கடனைக்கூட விடுங்க. எங்க அய்யன் சாவறதுக்கு முன்னால ரெண்டு வருசமா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு இருந்தாரு. "பல்லு செட்டு வெச்சுட்டா ஒரு முறுக்காவது கடிப்பேன்டா." எட்டாயிரம் ஆகும்னு டவுன்ல சொன்னாங்க. வெங்காயம் வெலை ஏறட்டும், பாத்துக்கலாம்னு தள்ளிட்டே போனேன். கடைசியில அந்தப் பல்லில்லாத வாய்க்குத்தான் ஊரே வரிசையா நின்னு வாய்க்கரிசி போட்டுச்சு. அன்னைக்கு என் மனசுல விழுந்தது இன்னும் எந்திரிக்கலை.

அம்மா அதையெல்லாம் பார்த்துட்டு இருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை. ரெண்டு மூணு வருசம் கழிச்சு ஒரு நாள் களத்துல வெங்காயத் தாள் அரிஞ்சுட்டு இருக்கும்போது நிமிராமலே சொன்னாங்க: "சாமி, என்னைய அந்தப் பொட்டியில போட்டுறாதீங்க. எனக்குக் குளுரு ஆகாது. டவுன்ல கேஸ் மேடை இருக்குதாமா, நேரா அங்க கொண்டுட்டுப் போயிருங்க. கடன் வாங்கி எனக்கு ஒண்ணும் செய்யாதீங்க." அப்பறமும் ரெண்டு தடவை சொன்னாங்க. ஒரு தடவை என் தம்பி முன்னாலயும் சொன்னாங்க. அது நல்லதாப் போச்சு. இல்லைன்னா நானா கட்டிவுட்ட கதைன்னு பங்காளிங்க சொல்லியிருப்பாங்க.

தகன மேடைன்னா என்னமோ மிஷின்ல போட்டு அரைக்கற மாதிரி ஊருக்குள்ள சிலருக்கு ஒரு பயம் இருக்கு. அப்படி ஒண்ணும் இல்லை. ட்ரேயில படுக்க வெக்கறாங்க. கொள்ளி வெக்கற மாதிரி ஒரு கற்பூரம் நம்ம கையில கொடுத்து நெஞ்சு மேல வெக்கச் சொல்றாங்க. அப்பறம் உள்ள தள்ளிக் கதவைச் சாத்தறாங்க. ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம். கொஞ்சம் ஆற வெச்சு, சாம்பலையும் எலும்பையும் ஒரு மண் கலயத்துல போட்டுக் கையில கொடுத்துடறாங்க. மழை பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. எங்ககிட்ட கேட்டது அம்மா ஆதார் நகல், என் ஆதார் நகல், டாக்டர் கொடுத்த சான்று, அவ்வளவுதான். வண்டி வாடகையும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆச்சு. இறப்பை 21 நாளுக்குள்ள பதியோணும். கிராமத்துல அது வி.ஏ.ஓ. ஆபீசுல. தகன மேடை ரசீதைப் பத்திரமா வெச்சுக்குங்க.

அங்க போனப்ப ரெண்டு விசயம் கண்ணுல பட்டுச்சு. எங்க ஊர்ல பொம்பளைங்க தெருமுக்கோட நின்னுக்கோணும், சுடுகாட்டுக்கு வரக்கூடாது. அன்னைக்கு என் அக்கா கடைசிக் கதவு வரைக்கும் வந்தா. பெத்தவளைப் பாதி வழியில வுட்டுட்டு அழுதுட்டுத் திரும்பற கொடுமை அவளுக்கு இல்லை. இன்னொண்ணு, எங்க ஊர்ல சுடுகாடே ரெண்டு. யாரு எதுல எரியோணும்னு பொறக்கும்போதே எழுதியாச்சு. அங்க அம்மாவுக்கு முன்னால யாரு போனாங்க, பின்னால யாரு வந்தாங்கன்னு எனக்குத் தெரியாது, யாரும் கேக்கவும் இல்லை. டோக்கன் வரிசைதான்.

தப்பு அடிக்கறதைப் பத்தியும் சொல்லிடறேன். ஊர்ல எழவு வுழுந்தா நடுச்சாமத்துல ஆளனுப்பிக் கூப்பிடறதும், அவங்க வந்து ரெண்டு நாள் வெயில்ல நின்னு அடிக்கறதும், கொடுத்ததை வாங்கிட்டுப் போறதும் அவங்க கடமைன்னே நாங்க நெனச்சுட்டு இருந்தோம். இப்ப அவங்க பசங்க திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறாங்க, படிச்சு வேலைக்குப் போறாங்க. "வரமாட்டோம்"னு சொல்லிட்டாங்க. சரியாத்தான் சொன்னாங்க. அதைப் பார்த்து "முறை கெட்டுப் போச்சு"ன்னு வருத்தப்படறவங்க, அந்த முறையில தான் எந்தப் பக்கம் நின்னோம்னு ஒரு நிமிசம் யோசிக்கோணும்.

பங்காளி ஒருத்தரு நேராவே கேட்டாரு. "நாளைக்கு உங்க வூட்டு நல்லது கெட்டதுக்கு நாங்க எதுக்கு வரோணும்?" கேள்வியில நியாயம் இல்லாம இல்லை. எழவு வூடுங்கறது சடங்கு மட்டும் இல்லை. அய்யன் செத்தப்ப பக்கத்துத் தெருப் பொம்பளைங்க அம்மாவைக் கட்டிப் பிடிச்சு ஒப்பாரி வெச்சாங்க. யாரோ மாட்டுக்குத் தட்டு போட்டாங்க, யாரோ பால் கறந்து ஊத்தினாங்க. மூணு நாள் எங்க வூட்டுல அடுப்பு எரியலை, ஆனா யாரும் பட்டினி கிடக்கலை. அது காசு கொடுத்து வராது. அதை விட்டுடச் சொல்லி நான் சொல்லலை. பந்தலையும் தேரையும் பாட்டிலையும் விட்டாலும் அந்த மனுசங்க வருவாங்க. அம்மாவுக்கும் வந்தாங்க. பதினாறாம் நாள் விருந்து வைக்காம, வந்தவங்களுக்கு வூட்டுல சமைச்ச சோறும் ரசமும் போட்டோம். நூறு பேரு இருக்கும். அம்மாவைப் பத்திப் பேசிட்டு இருந்தாங்க. அய்யன் கருமாதியில அவரைப் பத்திப் பேசினவங்களைவிட சாம்பார்ல உப்பு கம்மின்னு பேசினவங்கதான் அதிகம்.

சடங்கைக் குறைக்கறது நேத்து டவுன்ல இருந்து வந்த புத்தியும் இல்லை. வடலூர் வள்ளலார் 150 வருசத்துக்கு முன்னாலயே கருமாதி, திதியெல்லாம் வேண்டாம்னு சொன்னவரு. அவரு எரிக்காம புதைக்கச் சொன்னாரு, அதுல நான் வேற பக்கம். ஆனா செத்தவங்க பேரைச் சொல்லி இருக்கறவங்களை வதைக்கக் கூடாதுங்கறது நம்ம மண்ணுலயே இருந்த பேச்சுதான்.

இப்ப என் தப்பு.

எங்கம்மாவுக்கு ஒரே தங்கச்சி. எங்க சின்னம்மா. பழனிக்கு அந்தப் பக்கம் இருக்காங்க, எண்பதை நெருங்கற வயசு. நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடறவங்க, திடீர்னு சொன்னா தாங்கமாட்டாங்கன்னு அவங்க மகன் சொல்லி, எட்டு மணிக்குத்தான் விசயமே அவங்களுக்குப் போச்சு. ரெண்டு பஸ் மாறி வரோணும். "வந்துட்டு இருக்காங்க, கொஞ்சம் பொறு"ன்னு அக்கா சொன்னா. நான் கேக்கலை. ஒருத்தருக்காகப் பொறுத்தா அடுத்தது இன்னொருத்தரும்பாங்க, அய்யனுக்கு ஆன மாதிரியே ஆயிடும்னு ஒரு பிடிவாதம். பதினோரு மணிக்கு எடுத்துட்டேன். சின்னம்மா ஒரு மணிக்கு வந்தாங்க. கையில ஒரு பையில பொறந்த வூட்டுக் கோடிச் சேலை. அக்கா மேல போர்த்தறதுக்கு வாங்கிட்டு வந்தது. வெறும் கட்டில்ல அதை வெச்சுட்டு, தண்ணிகூடக் குடிக்காம கிளம்பிட்டாங்க. நான் சாம்பலோட வந்தப்ப அவங்க இல்லை.

தீபாவளிக்குப் போய்ப் பார்த்தேன். சொம்புல தண்ணி கொடுத்தாங்க. ரொம்ப நேரம் பேசலை. கடைசியில ஒண்ணு சொன்னாங்க: "எங்கக்கா மொகத்தைப் பாக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் உனக்குப் பொறுக்கலையாடா." எனக்குப் பதில் இல்லை. அந்தச் சேலை எங்க வூட்டு பீரோவுலதான் இருக்கு. யாரும் கட்டறதில்லை.

அதனால நான் இப்ப சொல்றது இதுதான். நேரடியா தகனத்துக்குக் கொண்டு போறது நல்ல வழி. கடன் இல்லை, விறகு இல்லை, உடம்பைக் காட்சிப் பொருளா வெக்கறது இல்லை. ஆனா சீக்கிரம் எடுக்கோணும்ங்கறது இன்னொரு சடங்கா ஆயிடக் கூடாது. ஊருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மொகம் பார்த்தே ஆகோணும்னு நாலஞ்சு பேரு எல்லாருக்கும் இருப்பாங்க. அவங்களுக்காகக் காத்திருக்கோணும். அந்த நாலஞ்சு பேரு யாருன்னு சாவுக்கு அப்பறம் நாம முடிவு பண்ணக் கூடாது, போறவங்களே சொல்லி வெக்கோணும். அம்மாகிட்ட நான் அதைக் கேக்கலை. கேட்டிருந்தா முதப் பேரு தங்கச்சி பேருதான் வந்திருக்கும்.

டவுன்ல இருக்கற உங்களுக்கு ஒண்ணு. ஊர்ல எழவு நீளறதுக்குப் பாதிக் காரணம் நீங்கதான். "நான் ஃப்ளைட் பிடிச்சு வந்துடறேன், பெட்டியில வைங்க"ன்னு போன்ல சொல்லிடறீங்க. ரெண்டு நாள் பெட்டி வாடகையும் ஐநூறு பேரு டீச் செலவும் இங்க இருக்கறவன் தலையில. பெத்த மகன், மக சொன்னா சரி, பொறுக்கத்தான் வேணும். தூரத்துச் சொந்தம் அப்படிச் சொல்ல வேண்டாம். கருமாதிக்கு வந்து சின்னதாச் செஞ்சிருக்காங்கன்னு மொகம் சுளிக்கவும் வேண்டாம். வசதி இருக்கறவங்க உங்க வூட்டுல சின்னதாச் செஞ்சு காட்டினீங்கன்னா, இல்லாதவன் கூச்சப்படாம சின்னதாச் செய்ய ஒரு வழி கிடைக்கும். அவன் முதல்ல செஞ்சா "காசு இல்லை, அதான்"னு சொல்லிடுவாங்க. என்னையும் அப்படித்தான் சொன்னாங்க.

தப்பு அடிச்சு, தேர் கட்டித்தான் போவேன்னு ஒருத்தரு ஆசைப்பட்டா, கையில காசும் இருந்தா, தாராளமாச் செய்யட்டும். கடன் வாங்கிச் செய்ய வேண்டாம். உசுரோட இருக்கும்போது ஒரு பல்லு செட்டு வாங்கிக் கொடுங்க.

என் மகன் சென்னையில இருக்கான். பாட்டிக்கு அவனால நேரத்துக்கு வர முடியலை, சாயங்காலம் கலயத்தைத்தான் தொட்டுக் கும்பிட்டான். பொங்கலுக்கு வரும்போது அவன்கிட்ட என் நோட்டுல கடைசிப் பக்கத்தைக் காட்டப் போறேன். கேஸ் மேடைன்னு எழுதி, கீழ அஞ்சு பேரு எழுதி வெச்சிருக்கேன். அவங்க வர வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கேன். உங்க வூட்டுப் பெரியவங்ககிட்டயும் இந்தப் பொங்கலுக்கு மெதுவாக் கேட்டுப் பாருங்க. கோவிச்சுக்க மாட்டாங்க. எங்கம்மா யாரும் கேக்காமலே சொன்னாங்க.

தை முடியறதுக்குள்ள சின்னம்மாவை இன்னொரு தடவை போய்ப் பார்க்கோணும். மாசியில அம்மாவுக்கு வருசம் வருது, முன்னால நின்னு நடத்திக் கொடுங்கன்னு கேக்கோணும். வருவாங்களான்னு தெரியலை. இப்ப மோட்டாருக்குக் கரண்டு வந்துடுச்சு, வெங்காயத்துக்குத் தண்ணி கட்டப் போறேன்.