கோட்டை வாயிலுக்கு அப்பால்

மலாக்கா என்றதும் ஏ ஃபமோசா கோட்டை வாயிலும் சிவப்புக் கட்டடங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. பேருந்தில் வந்து இறங்குவோர் பலர் அங்கே படம் எடுத்துக்கொண்டு, சில மணி நேரத்தில் திரும்பிவிடுகின்றனர். 1511இல் போர்த்துகீசியர் கைப்பற்றும்வரை ஒரு சுல்தானகத்தின் தலைநகராக விளங்கிய ஊரை அறிய இது போதுமா? போதாது என்பதே என் கருத்து.

ஒரு தலைநகரின் வரலாறு அதன் கோட்டை வாயிலோடு முடிவதில்லை. குடும்பத்தோடு செல்வோர் ஒரு மகிழுந்தை வாடகைக்கு எடுத்தால் சுற்றுவட்டாரத்தையும் காணலாம். சான்றாக, அலோர் காஜா மாவட்டத்தில் நானிங் என்னும் பகுதி உள்ளது. மலாக்காவை ஆண்ட ஆங்கிலேயர், அப்பகுதி மக்களின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டனர். அதை மறுத்த நானிங் தலைவர் டோல் சைட், 1831, 1832ஆம் ஆண்டுகளில் அவர்களை எதிர்த்துப் போரிட்டார். அவருடைய கல்லறையை இன்றும் அங்கே காணலாம்.

மகிழுந்துகள் பெருகினால் நெரிசலும் கூடுமே எனச் சிலர் கேட்கலாம். அது உண்மைதான். 2008இல் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட பழைய நகரத்தின் தெருக்கள் குறுகலானவை. ஆகவே, மகிழுந்தை நகரின் ஓரத்திலேயே நிறுத்திவிட்டு நடப்பதே முறை. நடந்து சென்றால்தான், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் அருகருகே அமைந்திருப்பதை நின்று நிதானமாகப் பார்க்க முடியும்.

மாணவர்களே, அடுத்த விடுமுறைக்குப் பெற்றோருடன் சேர்ந்து திட்டமிடுங்கள். தொலைவைக் கடக்க மகிழுந்தில் செல்லுங்கள். பழந்தெருக்களில் நடந்து செல்லுங்கள். அப்போதுதான் மலாக்காவை முழுமையாகக் கண்டவர்கள் ஆவீர்கள்.