மனநலம் படிக்கும் நம் பிள்ளைகளின் மனதை யார் பார்ப்பது?

சேலம், நாமக்கல் பக்கம் யாரிடமும் நேரடியாகச் சாதி கேட்க மாட்டார்கள். "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்பார்கள். சொன்னதும், "ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் போதும், கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும் கேட்கிறார்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கேட்கிறார்கள். மனநலப் பிரிவின் ஓ.பி.யில் நோயாளியோடு வந்த மாமனோ அண்ணனோ எதிரே இருக்கும் டாக்டரிடமும் கேட்கிறார்கள். அந்த டாக்டர் காலனியில் இருந்து போன நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

அப்படிப் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். தூய்மைப் பணியாளர் வீட்டிலிருந்தும் பண்ணைக் கூலி வீட்டிலிருந்தும் எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. வரை போயிருக்கிறார்கள். பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதமும், அதற்குள் 2009-இல் அருந்ததியருக்குக் கிடைத்த 3 சதவீதமும் இல்லாமல் இது நடந்திருக்காது. அவர்களில் சிலர் மனநல மருத்துவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் தடை நம் வீட்டிலேயே வருகிறது. "இத்தனை பாடுபட்டுப் படிச்சு, பைத்தியத்துக்கா வைத்தியம் பார்க்கப் போற?" என்று கேட்பவர்கள் நாம்தான். அதையும் ஒத்துக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஓர் இளம் டாக்டர், வேறொரு மாவட்டத்தில் மனநல மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. சாப்பிடாமல், பேசாமல் கிடந்த ஒரு பெண்ணை அழைத்து வந்திருக்கிறார்கள். பெண்ணின் தகப்பனார், "காலனிப் பயகிட்டப் போயி மனசக் குடுத்துட்டாளுங்க. புத்தி கெட்டுப்போச்சுங்க. ஊசி கீசி போட்டு மாத்திவுடுங்க" என்றிருக்கிறார். அதன் பிறகு அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. டாக்டர் முகம் மாறாமல் கேட்டு, நோய்க்குறிப்பை எழுதி, பெண்ணிடம் தனியாகப் பேசி, அவளுக்குப் பைத்தியம் இல்லை, பயம்தான் என்று பதிவு செய்திருக்கிறார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் தன் யூனிட் சீஃபிடம் அதைச் சொன்னபோது கிடைத்த பதில்: "ஏம்ப்பா, நீ ரொம்ப சென்சிட்டிவா இருக்க. இந்தப் பர்சனாலிட்டியை வெச்சுக்கிட்டு சைக்யாட்ரி எப்படிப் படிப்ப?"

ஓமலூர் கோகுல்ராஜ் 2015-இல் திருச்செங்கோடு கோயிலில் இருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஒரு தகப்பன் 'காலனிப் பய' என்று சொல்லும்போது அதன் முழுப் பொருளும் நமக்குத் தெரியும். அதைக் கேட்டுத் தூக்கம் கெடுவது பர்சனாலிட்டிக் கோளாறா?

மனநல மருத்துவம் பயிலும் டாக்டர்களின் பணிச்சோர்வைப் பற்றி உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. ஒரு கேள்வித்தாள் ஆளுமையை அளக்கும், இன்னொன்று உணர்ச்சிகளைக் கையாளும் திறனை அளக்கும். எளிதில் பதற்றப்படும் ஆளுமை உள்ளவர் சீக்கிரம் சோர்கிறார், உணர்ச்சித் திறன் உள்ளவர் தாக்குப்பிடிக்கிறார் என்று பொதுவாக முடிவு வரும். அதைப் பொய் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கேள்வித்தாளை நிரப்புகிறவர் யார் என்று பாருங்கள். பேசுவதற்கு முன் பத்து முறை யோசிப்பவர், டீ குடிக்கும் இடத்தில் ஒதுங்கி நிற்பவர், அடுத்து என்ன சொல்வார்களோ என்று எதிர்பார்த்தே இருப்பவர். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பிறவிக் குணம் அல்ல, பள்ளிக்கூடத்தில் இருந்தே அனுபவம் கற்றுக்கொடுத்தது. கேள்வித்தாளில் அதற்குப் 'பதற்றம்' என்று பெயர் விழுகிறது. உண்மையில், அவமதிப்பவர் எதிரிலேயே உட்கார்ந்து அவர் மகளுக்கு நியாயமாக வைத்தியம் பார்ப்பதைவிடப் பெரிய உணர்ச்சித் திறன் எது? அதற்கு மதிப்பெண் எங்கே? நோயாளியின் குடும்பநிலையைக் குறிக்க நம் மருத்துவமனைகளில் பயன்படும் குப்புசாமி அளவுகோலிலும் கல்வி, தொழில், வருமானம் மூன்றும் உண்டு, சாதி இல்லை.

பணிச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளை 1981-இல் உருவாக்கியவர்களில் ஒருவர் கிறிஸ்டினா மாஸ்லாக். ஆளுக்கும் வேலையிடத்துக்கும் பொருந்தாமல் போவதே சோர்வுக்குக் காரணம் என்று சொன்ன அவர், பார்க்க வேண்டிய ஆறு விஷயங்களில் வேலைப் பளுவோடு நியாயத்தையும் சேர்த்தார். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இதை நோயாக அல்லாமல், வேலையைச் சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியது. இருந்தும் நம் ஊரில் குறை ஆளின் தலையில்தான் ஏற்றப்படுகிறது.

பளுவின் கணக்கையும் பார்த்துவிடுவோம். பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே சொன்னது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 32 ஆண்டில் வந்த முன்னேற்றம் இது! அந்தக் குழுவின் கணக்கெடுப்பில் பதில் சொன்ன முதுநிலை மாணவர்களில் 31 சதவீதம் பேர், முந்தைய ஓராண்டில் உயிரை விடும் எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதில் உண்டு. அந்தப் பளுவின் மேல் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பளுவும் ஏறுகிறது.

அந்த இன்னொரு பளு என்ன செய்யும் என்பதை மும்பையில் மகப்பேறு மருத்துவம் படித்த பழங்குடிப் பெண் டாக்டர் பாயல் தட்வியின் மரணம் 2019 மே மாதம் காட்டியது. மூத்த டாக்டர்கள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக வழக்கு நடக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், டெல்லி ஜே.என்.யு.வில் ஆய்வு மாணவராக இருந்த நம் சேலத்து முத்துக்கிருஷ்ணனை இழந்தோம். அவர் டாக்டர் அல்ல, ஆனால் சமத்துவம் மறுக்கப்படுவதைப் பற்றி எழுதிவிட்டுப் போனவர்.

புகார் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். எம்.டி. மாணவரின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுபவர் அவருடைய வழிகாட்டி. ஆய்வேடு ஏற்கப்படாமல் தேர்வு எழுத முடியாது. பயிற்சிப் பதிவேட்டிலும் அதே கைதான் கையெழுத்திட வேண்டும். மூன்று வருடப் படிப்பு, வீட்டில் கடன், தங்கையின் திருமணம் எல்லாம் அந்த ஒரு கையில் இருக்கும்போது யார் புகார் எழுதுவார்?

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றத்தைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் தொலைபேசி ஆலோசனையும் உண்டு. நல்ல ஏற்பாடு, நெருக்கடியில் இருப்பவர்கள் தயங்காமல் அழைக்கலாம். ஆனால் மற்றத் துறை மாணவருக்கு மனம் சரியில்லை என்றால் அதே கல்லூரியின் மனநலத் துறைக்குப் போகலாம். மனநலத் துறை மாணவர் எங்கே போவார்? அங்கே இருப்பவர் அவருடைய சொந்தப் பேராசிரியர், நாளைக்கு மதிப்பெண் போடப் போகிறவர்.

சேலம், நாமக்கல், தருமபுரி, ஈரோடு என்று அருகருகே நான்கு மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு கல்லூரியில் மனநல மருத்துவம் பயில்பவர் பக்கத்து மாவட்டக் கல்லூரியின் மனநல மருத்துவரிடம், தன் துறைக்குத் தகவல் போகாமல், ஆலோசனை பெறலாம் என்று விதி வேண்டும். சாதிப் புகார் வந்தால் அன்றே வழிகாட்டியை மாற்ற வேண்டும், ஆய்வேட்டை வெளிக் கல்லூரிப் பேராசிரியர் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது பயிற்சி டாக்டர்கள் தாங்கள் கேட்ட கதைகளைப் பேச உட்கார வேண்டும், அங்கே சாதி என்ற சொல்லை உச்சரிக்கத் தடை இருக்கக் கூடாது. இதற்குப் புதுக் கட்டிடமும் வேண்டாம், தனி நிதியும் வேண்டாம். மருத்துவக் கல்வி இயக்குநரகத்தில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் அது வர வேண்டும் என்று கேட்கிறோம்.