உப்புத் தண்ணீர் மீன்தொட்டி: வாங்க முதல்

சென்ற இதழில் பழைய கார் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தவர்களில் மூன்று பேர் காரைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, நீங்கள் கடல் மீன் வளர்க்கிறீங்களாம். எங்கட பெடியனும் கேட்டு அழுகிறான். என்ன சாமான் வாங்கவேணும்?" என்றுதான் கேட்டார்கள். 2003 இல் வந்த நீமோ படம் இன்னும் பிள்ளைகளை விட்டபாடில்லை. அதில் ஒரு அக்கா, தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்தவர். பத்தாம் நாள் மூன்று மீனும் மிதந்ததாம். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடன் அட்டையில் எடுத்த காசு இன்னும் கட்டி முடியவில்லை. கடைக்காரர் திரும்பவும் மீன் வாங்கச் சொல்கிறாராம். அக்கா, வாங்காதீர்கள். முதலில் இதை வாசியுங்கள்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் பத்து வருடமாக முலாம் பூசும் பக்ரறியில் வேலை. அங்கே ஒவ்வொரு ஷிப்றும் தொட்டிகளின் சூடு, அடர்த்தி, புளிப்பு எல்லாம் அளந்து கொப்பியில் எழுதவேண்டும். மீன்தொட்டியும் அதே வேலைதான். ஒரு வித்தியாசம், இதற்குள்ளே உயிர் இருக்கிறது.

தொட்டியின் அளவை முதலில் பார்ப்போம். "சின்னதாகத் தொடங்குவோம், பழகினபிறகு பெரிசு வாங்குவோம்" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடல் மீனுக்கு இது தலைகீழ். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 20 லீற்றர் தொட்டியில் 2 லீற்றர் வற்றினால், லீற்றருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறத்தாழ 39 கிராம் ஆகிவிடும். 150 லீற்றர் தொட்டியில் அதே 2 லீற்றர் வற்றினால் 35.5 கூட வராது. ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு 100 முதல் 150 லீற்றர் வரை நல்லது. கண்ணாடிக் கிண்ணத்தைத் தொடவே வேண்டாம்.

ஆனால் பாரத்தையும் யோசியுங்கள். 150 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டும் 154 கிலோ. கண்ணாடி, கல், மணல், தாங்கி எல்லாம் சேர்த்தால் 200 கிலோவுக்கு மேல். அதற்கென்று செய்த தாங்கியில், சுவரோரமாக, மட்டம் பார்த்து வையுங்கள். ரீவி மேசை தாங்காது. யன்னல் வெயிலும், குளிர்காலச் சூடாக்கியின் பக்கமும் கூடாது. அப்பாட்மென்றில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்கினால் உங்கள் காப்புறுதி பொறுக்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய தொட்டி மலிவாகக் கிடைக்கும், வாங்கலாம். குளியலறையில் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று பாருங்கள். அந்தத் தொட்டியில் செம்பு மருந்து பாவித்தார்களா என்றும் கேளுங்கள். பாவித்திருந்தால் வேண்டாம். மீன் தப்பினாலும் இறாலும் நத்தையும் தப்பாது.

இனித் தண்ணீர். ஊரில் கிணற்றுத் தண்ணீரில் கப்பி மீன் வளர்த்த ஆட்கள் நாங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு இரவு திறந்து வைத்தால் மருந்து போய்விடும் என்று நினைப்போம். ரொறொன்ரோவின் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின். அது ஒரு இரவில் போகாது. குழாயிலிருந்து செம்பும், வேறு உப்புகளும் கொஞ்சம் கொஞ்சம் வரும். ஆகவே வடிகட்டிச் சுத்தமாக்கிய ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும். மீன் கடைகளிலும் தண்ணீர்க் கடைகளிலும் குடத்தில் கிடைக்கும்.

உப்புக்கு வருவோம். "கடல் உப்புத்தானே, தமிழ்க் கடையில் கல்லுப்பு வாங்கிப் போட்டால் என்ன?" என்று ஒரு அண்ணர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனையிறவு உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்துகள் படியும். பிறகுதான் நாங்கள் கறிக்குப் போடுகிற உப்பு விளையும். மக்னீசியம் மிச்சக் கசப்புத் தண்ணீரில் நின்றுவிடும், அதை வெளியே விட்டுவிடுவார்கள். அப்படியென்றால் கல்லுப்பைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கடல் வராது. சுண்ணாம்பும் மக்னீசியமும் இல்லாத உப்புத் தண்ணீர்தான் வரும். மீன்தொட்டிக்கென்று விற்கும் உப்பில் இந்தச் சத்துகள் எல்லாம் சேர்த்திருப்பார்கள். லீற்றருக்கு எத்தனை கிராம் என்று பெட்டியில் எழுதியிருக்கும், 35 முதல் 40 வரை வரும். அதை வேறு வாளியில், சின்னப் பம்ப் போட்டு, ஒருநாள் கலக்கவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். மீன் இருக்கும் தொட்டிக்குள் உப்பைக் கொட்டாதீர்கள். அடர்த்தி 1.025 அளவில் நிற்கவேண்டும். அளக்கும் கருவி மலிவு, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். சூடு 25 பாகை, பி.எச். 8.1 முதல் 8.4.

அக்காவின் மூன்று மீனும் ஏன் செத்தது என்பது இங்கேதான் இருக்கிறது. மீனின் கழிவிலும் மிஞ்சிய சாப்பாட்டிலும் இருந்து அமோனியா வரும். அது நஞ்சு. கடல் தண்ணீரில் பி.எச். கூட என்பதால் இன்னும் கடுமையான நஞ்சு. ஒருவகைப் பக்ரீரியா அமோனியாவை நைற்றைற் ஆக்கும், இன்னொரு வகை அதை நைற்றேற் ஆக்கும். நைற்றேற் அவ்வளவு பொல்லாதது அல்ல, தண்ணீர் மாற்றினால் குறையும். புதுத் தொட்டியில் இந்தப் பக்ரீரியாக்கள் போதிய அளவு இல்லை. கல்லிலும் மணலிலும் அவை குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை மீன் விடக்கூடாது.

அந்த நாட்களில் செய்யவேண்டியது இதுதான். தண்ணீரும் கல்லும் மணலும் போட்டு, பம்பையும் ஹீற்றரையும் ஓடவிட்டு, ஒரு பச்சை இறால் துண்டைத் தொட்டிக்குள் போடுங்கள். அது அழுகி அமோனியா தரும். ரெஸ்ற் கிற் வாங்கி இரண்டு நாளைக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் அமோனியா ஏறும், பிறகு அது இறங்க நைற்றைற் ஏறும். இரண்டும் பூச்சியத்துக்கு வந்து அங்கேயே நின்றால்தான் தொட்டி தயார். பிள்ளைகளைக் கொண்டு நாட்காட்டியில் எழுதுவியுங்கள், காத்திருப்பது அவர்களுக்கும் சுகமாகப் போகும். போத்தலில் விற்கும் பக்ரீரியா நாளைக் குறைக்கலாம். ஆனால் போத்தலை நம்பவேண்டாம், ரெஸ்ற் கிற்றை நம்புங்கள்.

கல் என்று சும்மா சொன்னேன், தொட்டியின் இயந்திரமே அதுதான். உயிர்ப்பாறை என்று கடைகளில் விற்பது, துளைதுளையான, பக்ரீரியா குடியிருக்கும் கல். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1960களின் தொடக்கத்திலேயே இப்படிக் கல்லும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்திக் காட்டினார். காய்ந்த கல்லும் வாங்கலாம், மலிவு. பக்ரீரியா பெருகக் கூட நாள் எடுக்கும்.

சிறுபிள்ளை இருக்கும் வீடுகள் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். கல்லில் பொத்தான் மாதிரிச் சின்னப் பவளங்கள் சில ஒட்டி வரும். அவற்றில் சிலதில் பலிரொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கல்லைச் சுத்தமாக்குகிறோம் என்று கொதிநீர் ஊற்றவோ, அடுப்பில் அவிக்கவோ, வெறுங்கையால் உரஞ்சவோ கூடாது. 2018 இல் இங்கிலாந்தில் ஒரு குடும்பம் தொட்டியைக் கழுவும்போது இந்த நஞ்சைச் சுவாசித்து, உதவிக்கு வந்த தீயணைப்பு ஆட்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனது. கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருதரம் தொங்கி மேலே போகவேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. கை விட முதல் ஹீற்றரை நிறுத்துங்கள். 2013 மார்கழி உறைமழையில் ரொறொன்ரோவில் பல வீடுகள் நாட்கணக்காக மின்சாரம் இல்லாமல் கிடந்தன. பற்றறியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் தொட்டியைப் போர்வையால் சுற்றுங்கள், சாப்பாடு போடாதீர்கள்.

எங்கள் வீடுகளுக்கென்று சில விசயங்கள். காற்றுப் பம்ப் வீட்டுக் காற்றைத்தான் தொட்டிக்குள் தள்ளுகிறது. சாம்பிராணி, ஊதுபத்தி, பூச்சி மருந்து, தாளிக்கும் புகை எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம். சாமியறைக்கும் குசினிக்கும் தூரமாக வையுங்கள். வேலையால் வந்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள். என் கையில் செம்பும் நிக்கலும் இருக்கும், உங்கள் கையில் எண்ணெயோ சலவை மருந்தோ இருக்கும். நல்லாய்க் கழுவி, சவர்க்காரம் போக அலம்பியபிறகுதான் தொடலாம்.

மீன் வாங்கும்போது பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு சோடி கேளுங்கள். அது உறுதியான மீன், தீனிக்குப் பழகியது. கடலில் பிடித்தவை எல்லாம் நல்லபடி பிடிபட்டவை அல்ல. பிலிப்பைன்ஸ் பக்கத்தில் சயனைட் தெளித்து மயக்கிப் பிடிப்பது நெடுநாளாக நடந்த கொடுமை. எங்கள் இந்து சமுத்திரத்து நீல மீன் ஒன்று கடையில் நிற்கும், மஞ்சள் முதுகுச் செட்டையோடு. பார்த்தால் ஊரே நெஞ்சுக்குள் வரும். வாங்காதீர்கள். அதற்கு நீந்தப் பெரிய இடம் வேண்டும், நோயும் கெதியாகப் பிடிக்கும். நீமோவின் சிநேகிதி நீல மீனும் 30 சதமமீற்றர் வளரும், இந்தத் தொட்டி அதற்குச் சிறை. கடற்சாமந்தியும் இப்போது வேண்டாம். அது இல்லாமலே கோமாளி மீன் சுகமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு புதினம் சொல்லுங்கள்: சோடியில் பெரியது பெண், அது செத்தால் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும்.

புது மீனை முடிந்தால் வேறு சின்னத் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் அங்கேயே மருந்து போடலாம். பெரிய தொட்டிக்குள் போய்விட்டால், மீனே இல்லாமல் இரண்டு மாதத்துக்கு மேல் விட்டால்தான் அது ஒழியும்.

பிறகு உள்ள வேலை சின்னது, ஆனால் நிற்காதது. கண்ணாடியில் ரேப் ஒட்டித் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். வற்றியதற்குத் தினமும் நல்ல தண்ணீர், உப்பில்லாதது, விடுங்கள். கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்து, கலக்கிவைத்த உப்புத் தண்ணீரை விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கே தீனி.

கோமாளி மீன் நல்லாய்ப் பார்த்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். இரண்டு வேலை செய்து, ஊருக்கும் காசு அனுப்பி, நித்திரைக்கே நேரம் இல்லாதவர்கள் இந்த வருடம் விடுங்கள். பிள்ளைக்கு நன்னீர்க் கப்பி வாங்கிக் கொடுங்கள், அதுவும் மீன்தான். தொலைபேசி எடுத்த அக்காவுக்கு: தொட்டியை வெறுமையாக்க வேண்டாம், கல்லும் மணலும் அப்படியே இருக்கட்டும், பம்ப் ஓடட்டும். ரெஸ்ற் கிற் வாங்கி அமோனியாவைப் பாருங்கள். எண் எவ்வளவு என்று எனக்குச் சொல்லுங்கள். ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் நிற்பேன்.