அழுக்குப் படாத கை எதற்கு?



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றதும், "விண்வெளி, அணுசக்தின்னு பெருசா ஏதாவது எழுதுடா" என்றார்கள் நண்பர்கள். நான் எழுத வந்திருப்பதோ ஒரு ரப்பர் வளையத்தைப் பற்றி! சிரிக்காதீர்கள். மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் இருக்கும் ஆயில் சீல்தான் அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அதையும் நம்பித்தான்.

என் அப்பா நிலக்கோட்டைப் பக்கம் பூ வாங்கி, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போடுகிறவர். விடியும் முன்பே பழைய ஸ்ப்ளெண்டரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பூவுக்குப் பொறுமை கிடையாது. வெயில் ஏற ஏற விலை இறங்கும்.

அந்த வண்டியின் முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தது. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை சீல் மாற்றினார்கள். இரண்டே மாதத்தில் மறுபடி கசிவு. மூன்றாம் முறை போனபோது, "மொத்த ஃபோர்க்கையும் மாத்திரலாம்ணே, 3000 ரூபாய்க்கு மேல ஆகும்" என்றார்கள். "அடுத்த மாசம் பாத்துக்குவோம்" என்று அப்பா திரும்பிவிட்டார். ஒரு நாள் இருட்டில் வேகத்தடை தெரியாமல் ஏறி, முன்சக்கரம் துள்ளி, வண்டி சாய்ந்துவிட்டது. முழங்கையெல்லாம் தேய்ந்து ரத்தத்தோடு வந்து நின்றவர் முதலில் சொன்னது, "பூ பூராம் சிந்திப் போச்சு" என்பதைத்தான்.

ஏன் துள்ளியது? ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங் இருக்கிறது, ஆயிலும் இருக்கிறது. பள்ளத்தின் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும்; வாங்கியதைத் திருப்பி உதைக்கவும் செய்யும். அந்த உதையை அடக்குவது ஆயில். சின்னத் துளைகள் வழியே அது நெருக்கியடித்துப் போகும்போது உதையின் சக்தி வெப்பமாக மாறிக் கரைந்துவிடுகிறது. 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர்12 வண்டியில் இப்படி ஆயில் அடக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் தெருவில் ஓடும் வண்டிகளிலும் அடிப்படை அதேதான். ஆயில் இறங்கிவிட்டால் சக்கரம் பந்து மாதிரி துள்ளும். துள்ளுகிற சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. ரோட்டைப் பிடிக்காத சக்கரத்தில் பிரேக் இருந்தும் பயனில்லை. டிஸ்க் பிரேக் வண்டியென்றால் கசிகிற ஆயில் டிஸ்க்கிலேயே இறங்கும் ஆபத்தும் உண்டு.

இதையெல்லாம் பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் ஒரு ஃபோர்க்கைக்கூடக் கழற்றியது கிடையாது! வெட்டி வைத்த மாடலைத் தள்ளி நின்று பார்த்ததோடும், சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைந்ததோடும் சரி. (அப்படி வரையாதவர்கள் கை தூக்கலாம்!)

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து வாசலில் உட்கார்ந்தேன். எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றி, ஃபோர்க்கை உருவினேன். கட்டுப் போட்ட கையோடு அப்பா வெளியே வந்தார். என் கையைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போனது.

"இதுக்காடா உன்னையப் படிக்க வச்சேன்? கையில அழுக்குப் படாம உக்காந்து வேல பாக்கணும்னுதான..."

மேலே பேசாமல் உள்ளே போய்விட்டார். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அந்த வார்த்தை ஸ்பேனரைவிடக் கனமாக இருந்தது.

ஆனாலும் விடவில்லை. மேல் மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை எடுத்து, ஆயிலை வடித்தேன். அடியிலுள்ள ஆலன் போல்ட்டைத் திருப்பினால், உள்ளே இருக்கும் ராடும் சேர்ந்தே சுற்றுகிறது! அரை மணி நேரம் சுற்றியதுதான் மிச்சம். தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணன் எட்டிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். "ஸ்பிரிங்கத் திரும்பப் போட்டு மூடிய இறுக்கு தம்பி. நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கழட்டு. ஸ்பிரிங் அழுத்துனா ராடு சுத்தாது" என்றார். கழன்றது! எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத பாடம்.

டஸ்ட் சீல், சர்க்லிப், பழைய சீல் எல்லாம் வெளியே வந்தன. புதிய சீலைக் கையில் எடுத்தபோது ஒரு கேள்வி. இரண்டு சீல் ஏன் கெட்டது? குரோமியம் பூசிய பைப்பில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தேன். ஓரிடத்தில் தட்டியது. கடுகளவு துரு! வண்டி ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது சீலின் உதட்டை அறுத்திருக்கிறது. குற்றவாளி சீல் அல்ல, பைப்! "அட, நானும் இத்தன வருசமா சீலத்தான் தம்பி குறை சொல்லிட்டிருந்தேன்" என்றார் அண்ணன்.

துரு ஆழமாக இருந்தால் பைப்பையே மாற்றத்தான் வேண்டும். அதில் ஏமாற்று வேலை ஆகாது. இது மேலோட்டமானது. நைஸ் உப்புத்தாளில் ஆயில் தொட்டுத் தேய்த்து, நகம் தட்டாதபடி செய்தேன். பைப்பின் முனையில் பிளாஸ்டிக் தாள் சுற்றி, சீலின் உதட்டில் ஆயில் தடவி, அளவான பி.வி.சி. குழாயை வைத்துத் தட்டி உட்கார வைத்தேன். இரண்டு கால்களுக்கும் புது சீல், புத்தகத்தில் சொன்ன அளவில் புது ஆயில். செலவு 500 ரூபாய்க்குள்.

நண்பர்களே! இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். 'எப்படி' என்பது அண்ணனிடம் இருந்தது. 'ஏன்' என்பது நான் படித்த படிப்பில் இருந்தது. இரண்டும் தனித்தனியாக நின்ற வரைக்கும் ஃபோர்க் கசிந்துகொண்டே இருந்தது. ஒரே வாசலில் உட்கார்ந்த அன்றுதான் நின்றது. டிப்ளமோ என்பது இந்த இரண்டையும் சேர்க்கிற படிப்பு அல்லவா? நாம் மட்டும் ஏன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறோம்?

"மெக்கானிக் பிழைப்பைக் கெடுக்கிறாயா?" என்று கேட்கலாம். இல்லை. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய் என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் பிரேக்கிலும் ஸ்டீரிங்கிலும் கை வைப்பது உயிரோடு விளையாடுவது. தெரிந்தவருக்கு உரிய கூலி கொடுத்துச் செய்வதில் கௌரவக் குறைவும் இல்லை. ஆனால் அவர் வேலையின் அருமை, ஒரு முறையாவது செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

எனவே நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை 'பழுது பார்க்கும் நாள்' நடத்துவோம். அவரவர் வீட்டு வண்டி, மிக்ஸி, மோட்டார் எதுவானாலும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருவோம். ஆசிரியர்கள் மேற்பார்வை செய்யட்டும். ஊரிலுள்ள மெக்கானிக் அண்ணன்களையும் அழைத்து, மரியாதையாக நாற்காலி போட்டு, அவர்களிடம் கற்றுக்கொள்வோம். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்துக் கொடுக்கவும் பழகுவோம்.

கடைசியாக ஒன்று. மறுநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அப்பா, வண்டியை நிறுத்திவிட்டு ஃபோர்க் பைப்பை விரலால் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் சாப்பிடும்போதுதான், "பூக்கடை சித்தப்பா வண்டியிலயும் ஆயில் ஒழுகுதாம். லீவு நாள்ல வந்து பாக்கச் சொல்லவா?" என்று கேட்டார்.

சரி என்று சொல்லியிருக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் துணைக்கு ஆள் வேண்டும். வருகிறீர்களா நண்பர்களே?

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை