தூசு தட்டாதீர்கள்!

அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு அமாவாசை என்றால் மேல்மலையனூர். எனக்கு அமாவாசை என்றால் லீவு லெட்டர். போன அமாவாசைக்கும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். அங்காளம்மன் ஊஞ்சல் பார்த்துவிட்டு, புற்றுமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டாள் அம்மா. நள்ளிரவு தாண்டி, பஸ் பிடிக்க வயலோரமாக நடக்கும்போது வானத்தில் சர்ரென்று ஒரு கோடு.

"எரிநட்சத்திரம்டா! எங்கே விழும்?"

"விழாதும்மா. கடுகு சைஸ் கல்லு, வர்ற வேகத்துல பொசுங்கிடும். அதைவிடப் பொடிசா இருந்தா தப்பிச்சு நம்ம தலையிலயே இறங்கும்."

"எவன்டா பார்த்தான்?"

பார்த்தவர் டொனால்ட் பிரவுன்லீ. 1970-களில் நாசா விமானத்தின் இறக்கையில் சிலிகோன் எண்ணெய் தடவிய தட்டை வைத்து, 20 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கவிட்டுப் பிடித்தார். மழைக்காலத்தில் ட்யூப்லைட் பக்கத்தில் எண்ணெய்க் காகிதம் கட்டிப் பூச்சி பிடிப்போமே, அதே டெக்னிக்! சிக்கிய தூசு தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே ஆக்ஸிஜன், சிலிக்கன், மக்னீசியம், இரும்பு, கந்தகம், கார்பன், கொஞ்சம் நிக்கல், கொஞ்சம் கால்சியம். ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற வாயுக்களைக் கழித்துவிட்டால் கிட்டத்தட்ட சூரியனில் உள்ள அதே விகிதம். சூரிய குடும்பம் உருவான நாளின் மிச்சம் மீதி, சுமார் 460 கோடி வருஷத்துச் சரக்கு!

நம்மவர்களும் சும்மா இல்லை. 2001-ல் ஹைதராபாத்திலிருந்து பலூன் விட்டு, 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்றைப் பிடித்தார்கள். நார்லிகர், இலங்கையில் பிறந்த சந்திரா விக்ரமசிங்க கோஷ்டி தேடியது தூசை அல்ல, கிருமியை. கிடைத்தது. மேலேயிருந்து வந்ததா, கீழேயிருந்து போனதா என்கிற பஞ்சாயத்துதான் தீரவில்லை.

பி.காம். படித்தவன் டோட்டல் போடாமல் விடலாமா? அண்டார்டிகா பனியை உருக்கிப் பார்த்த பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2021-ல் சொன்ன கணக்கு: வருஷத்துக்கு சுமார் 15,000 டன் தூசு காற்று மண்டலத்துக்குள் வருகிறது. பொசுங்கியது போகத் தரைக்கு வருவது 5,200 டன். என் சம்பளம் மாதிரியேதான், பிடித்தம் போக!

"அந்த லிஸ்ட்டை இன்னொரு தடவை சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன்.

"கால்சியம்னா சுண்ணாம்புச் சத்துதானே? உங்கப்பா அஸ்தியில இருந்ததும் அதுதானே?"

"ஆமாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தாள். "அப்போ அவரு ஒண்ணும் புது இடத்துக்குப் போயிடலை."

எனக்குப் பதில் வரவில்லை. முந்தானை முடிச்சை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

விடிகாலை வீட்டுக்கு வந்ததும் என் சட்டையை உதறப் போனாள் மனைவி.

"உதறாதே! சூரியன் காலத்துச் சரக்கு!"

"இருக்கட்டும். சோப்புத் தூள்ல போகுமா, போகாதா?"