நம் வீட்டிலிருந்து புறப்படும் கடிதங்கள்

மாதம் முடிவதற்கு இன்னும் பத்து நாட்கள் இருக்கும்போதே எமது வீட்டு இணையத்தின் தரவு தீர்ந்துபோவது அண்மைக்காலத்திலே வழக்கமாகிவிட்டது. மனைவியார் மகளைப் பார்த்தார். மகள் எம்மைப் பார்த்தாள். நாம் மேசைமேலிருந்த கணினியைப் பார்த்தோம். பானையிலே அரிசி குறைந்தால் எலியைத் தேடத்தானே வேண்டும்? கொழும்பிலே கணினித் தொழில் பார்க்கும் எம் தமக்கையாரின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தமையால், அந்த எலியைப் பிடித்துத் தரும்படி அவனிடமே கேட்டுக்கொண்டோம்.

அவன் முதலிலே ‘வயர்ஷார்க்’ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு கணினியின் வாயிலிலே காவல் இருந்தான். எந்த நேரத்தில், எந்த முகவரிக்கு, எவ்வளவு தரவு போகின்றது, எவ்வளவு வருகின்றது என்பன வரிசை வரிசையாகத் திரையிலே தோன்றின. எலி விரைவிலேயே அகப்பட்டது. கணினியின் இயக்க முறைமை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதற்காக இறக்கிய பெருங்கோப்புகளே தரவைத் தின்றிருந்தன. அது களவன்று, அதற்கு நேரம் குறித்துக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

விசாரணை அத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. மருமகன் எழும்பவில்லை. “மாமா, இந்த ஒரு முகவரியைப் பாருங்கோ. நீங்கள் ஒவ்வொரு முறை கோப்புத் திறக்கிற நேரமும் இஞ்சையிருந்து ஒரு சின்னக் கடிதம் போகுது” என்றான்.

“கடிதத்தில் என்ன இருக்கிறது?” என்று கேட்டோம்.

“அதுதான் தெரியாது. உறை ஒட்டியிருக்கு” என்றான்.

அவன் சொன்ன உறையைப் பற்றிச் சிறிது விளக்கவேண்டும். முன்னாளிலே இணையத்தின் வழியே சென்றவையெல்லாம் தபாலட்டைகளைப் போன்றவை. வழியிலே கைமாறும் இடங்களிலுள்ளோர் எவரும் வாசிக்கலாம். 1995ஆம் ஆண்டிலே நெற்ஸ்கேப் என்னும் அமெரிக்க நிறுவனம் அவற்றை உறையிலிட்டு ஒட்டும் முறையொன்றை வெளியிட்டது. அம்முறை திருத்தம் பெற்று 1999ஆம் ஆண்டில் ‘ரீ.எல்.எஸ்.’ என்னும் பெயரைப் பெற்றது, அதன் 1.3ஆம் பதிப்பு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இன்று வங்கிக் கணக்குப் பார்ப்பதும், வைத்தியருக்கு எழுதுவதும், பிள்ளைகள் பாடங் கேட்பதும் இந்த உறையினுள்ளேதான் நடக்கின்றன. அஃது இல்லையேல் நாம் இணையத்திலே ஒரு சதத்தையும் நம்பிக் கைமாற்ற இயலாது.

ஆயினும் இவ்வுறையிலே ஒரு விசித்திரம் உண்டு. வழிப்போக்கனிடமிருந்து கடிதத்தை மறைக்கும் அதே உறை, வீட்டுக்காரனிடமிருந்தும் அதனை மறைத்துவிடுகின்றது. எம்முடைய கணினி, எம்முடைய மின்சாரம், எம்முடைய தரவு. கடிதத்தை எழுதியது மாத்திரம் நாமல்லோம். அதிலே என்ன எழுதப்பட்டுள்ளது என்பதும் எமக்குத் தெரியாது!

இதனைத் திறப்பதற்கு வழியுண்டு என்று மருமகன் சொன்னான். காணி உறுதி ஒன்றை நாம் எதனால் நம்புகின்றோம்? நொத்தாரிசின் கையொப்பமும் முத்திரையும் இருப்பதனால் அல்லவா? இணையத்திலும் அவ்வாறே. ஒரு செய்நிரல் தொலைவிலுள்ள கணினியுடன் பேசத் தொடங்கும்போது, அத்தொலைக்கணினி ‘நான் இன்னார்’ என்று ஒரு சான்றிதழைக் காட்டும். அச்சான்றிதழிலே நம்பத்தக்க அதிகாரி ஒருவரின் ஒப்பம் உண்டா என்று எமது கணினி பார்க்கும். அத்தகைய அதிகாரிகளின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு கணினியிலும் முன்னமே வைக்கப்பட்டிருக்கின்றது. அதிலே நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

‘மிற்ம்புரொக்சி’ என்னும் இலவச மென்பொருள் இந்த இடத்திலேதான் நுழைகின்றது. அது முதன்முறை இயங்கும்போது தனக்கென ஒரு நொத்தாரிசு முத்திரையை ஆக்கிக்கொள்கின்றது. அந்த முத்திரையை எமது கணினியின் பட்டியலிலே நாமே சேர்க்கவேண்டும். பின்னர் அது செய்நிரலுக்கும் தொலைக்கணினிக்கும் நடுவே அமர்ந்துகொள்கின்றது. செய்நிரலிடம் தானே தொலைக்கணினி என்று சொல்லி, அந்தக் கணமே எழுதிய சான்றிதழைக் காட்டுகின்றது; தொலைக்கணினியிடமோ தானே செய்நிரல் என்று பேசுகின்றது. இருபுறமும் உறைகள் ஒட்டப்பட்டேயிருக்கும். நடுவிலே மாத்திரம் கடிதம் விரிந்து கிடக்கும். வங்கிகளின் செய்நிரல்கள் முதலிய சில, தம் எசமானின் உண்மையான முத்திரையைத் தம்முள்ளேயே வைத்திருந்து, பிறர் முத்திரையைக் கண்டதும் பேச மறுத்துவிடும். எம்முடைய சந்தேகத்துக்குரியது அத்துணை விழிப்புடையதன்று. ஐந்து நிமிடத்திலே கடிதம் திறந்தது.

அதனை அனுப்பியது, எழுத்துக் கோப்புகளைப் பீ.டி.எவ். வடிவத்துக்கு மாற்றித்தரும் ஓர் இலவசச் செய்நிரல். அதன் பெயர் இங்கே வேண்டுவதில்லை. கணினியின் பெயர், திரையின் அளவு, செய்நிரலின் பதிப்பு என்று கடிதம் தொடங்கியது. இவற்றால் யாருக்கு என்ன நட்டம் என்று எண்ணியவாறே அடுத்த வரியை வாசித்தோம். வாசித்ததும் எம் நெஞ்சு திடுக்கிட்டது. நாம் திறந்த கோப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து அங்கே இருந்தது.

பழைய மாணவர் தரும் உதவிப்பணத்தை உரிய பிள்ளைகளுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்புக் கல்லூரியிலே எம்மிடம் உள்ளது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விண்ணப்பக் கடிதம். தேடுவதற்கு இலகுவாயிருக்கும் என்று பிள்ளையின் பெயரையும் காரணத்தையுமே கோப்பின் பெயராக இட்டிருந்தோம். திரையிலே நாம் கண்டது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் முழுப்பெயர்; அதனையடுத்து, ‘தந்தை காணாமற்போனவர், பஸ் கட்டண உதவி’. ஆசிரியர் அறையிலே கூட நாம் உரத்துச் சொல்லாத ஒரு செய்தி, ஏதோவொரு தேசத்திலுள்ள ஏதோவொரு கணினிக்கு, நாம் கோப்பைத் திறந்தபோதெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

அச்செய்நிரலை நிறுவிய அன்று நீண்டதோர் உடன்படிக்கை திரையிலே வந்தது. நாம் அதனை வாசியாமலே ‘சம்மதம்’ என்ற கட்டத்தை அழுத்தினோம். சேவையை மேம்படுத்துவதற்காகத் தகவல் சேர்ப்போம் என்று அதிலே ஒரு வசனம் இருந்ததைப் பின்னர் தேடிக் கண்டோம். மாணவருக்கு ‘வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள்’ என்று போதிப்பவர் நாம்! குற்றத்திலே எம் பங்கும் சிறிதன்று.

இவ்விசாரணை நடந்துகொண்டிருக்கையிலே வேறொன்றும் நிகழ்ந்தது. நாமும் மருமகனும் தேநீர் அருந்த எழுந்து சென்ற இடைவேளையில், மகள் வந்து அதே கணினியிலே தன் மின்னஞ்சலைத் திறந்திருக்கின்றாள். நாம் திரும்பி வந்தபோது, அவளுடைய தோழியின் கடிதம் எமது காவற் சாளரத்திலே ஒளிவுமறைவின்றிக் கிடந்தது. இரண்டு சொற்கள் கண்ணிற் பட்டுவிட்டன. மருமகன் சாளரத்தை உடனே மூடினான். பின்னால் நின்ற மனைவியார் மெல்லக் கேட்டார்: “இஞ்சருங்கோ, அப்ப பிள்ளை ஆரோடை என்ன கதைக்கிறாள் எண்டு இதிலை நாங்கள் பாக்கலாமோ?”

பார்க்கலாம். அதுதான் ஆபத்து. பெண்பிள்ளையைப் பெற்ற தாயின் கேள்வியை நாம் குறை கூறோம். எமக்கும் அந்த ஆசை ஒரு கணம் எழாமலில்லை. ஆனால் கேளாமலே எம் கோப்புகளின் பெயரை எடுத்த செய்நிரலின்மீது சினங்கொண்ட நாம், அடுத்த கணமே கேளாமல் மகளின் கடிதத்தை எடுப்பது எந்த நியாயம்? செய்நிரல் எம்முடைய பணியாள். அது வெளியே கொண்டுபோகும் பொதியைச் சோதிக்க எமக்கு உரிமையுண்டு. மகள் பணியாளல்லள். மகளை அழைத்து நடந்ததைச் சொன்னோம். அவள் முகம் சிவந்தது. சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், “அந்த முத்திரையை இப்பவே எடுத்துவிடுங்கோ அப்பா” என்றாள். அவள் முன்னிலையிலேயே மருமகன் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கினான்.

அவள் கேட்டது மானத்தின்பொருட்டு. எனினும் பாதுகாப்பின்பொருட்டும் அதுவே செய்யத்தக்கது. லெனோவோ நிறுவனம் 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே விற்ற சில மடிக்கணினிகளில், விளம்பரங்களைப் புகுத்துவதற்காக ‘சூப்பர்பிஷ்’ என்னும் மென்பொருள் வைக்கப்பட்டிருந்தது. நாம் மேலே சொன்ன அதே தந்திரத்தையே அது செய்தது. வாங்கியவரைக் கேளாமல், தன் முத்திரையைப் பட்டியலிலே சேர்த்திருந்தது. அதிலும் கேடு, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே முத்திரை, ஒரே இரகசியத் திறவுகோல். 2015ஆம் ஆண்டு பெப்ரவரியிலே றொபேர்ட் கிரகாம் என்னும் ஆய்வாளர் அத்திறவுகோலைக் காத்த கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து வெளியிட்டார்; அம்மென்பொருளின் உட்பகுதியைச் செய்த நிறுவனத்தின் பெயரே கடவுச்சொல்! அதன்பின், அக்கணினியுடையவர் இருக்கும் அதே கம்பியில்லா இணைப்பிலே அமர்ந்த எவனும் வங்கியைப் போல் வேடமிட்டிருக்கலாம். நிறுவனம் அதனை நீக்கும் கருவியை வெளியிட்டது. அமெரிக்க அரசின் வணிக ஆணைக்குழுவுடனான வழக்கும் 2017ஆம் ஆண்டில் இணக்கமாக முடிந்தது. போலி நொத்தாரிசின் முத்திரை வீட்டிலே கிடப்பது அத்துணை ஆபத்தானது.

ஆதலின் வாசகர்களுக்கு நாம் சொல்லத்தக்கவை சில. உங்கள் கணினியிலுள்ள செய்நிரல்கள் என்ன அனுப்புகின்றன என்று அறிய விரும்பின், விடயமறிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். பார்க்கும் நேரத்தில் வீட்டார் எவரும் அக்கணினியைப் பயன்படுத்தாதிருக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் முத்திரையை நீக்கிவிடுங்கள். பிறர் கணினியிலோ பாடசாலைக் கணினியிலோ அனுமதியின்றி இதனைச் செய்யவேண்டாம். அதிகாரமின்றித் தரவை இடைமறித்தலை எமது நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியிருக்கின்றது.

அச்செய்நிரலை நாம் அன்றே அகற்றினோம். இலவசமாகக் கிடைக்கும் ‘லிப்ரே ஒபிஸ்’ அதே வேலையைத் தானே செய்துவிடுகின்றது. உதவிப்பணக் கோப்புகளுக்குப் பெயர்களை நீக்கி இலக்கங்களை இட்டோம். திங்கட்கிழமை அதிபரிடம் உள்ளதைச் சொன்னோம். மாலையிலே அம்மாணவனின் தாயாரிடமும் சென்று சொன்னோம். எம் குற்றவுணர்வைக் கண்டு அவ்வம்மையார்தாம் எமக்கு ஆறுதல் சொன்னார்: “அவரைத் தேடி நான் எத்தினை கந்தோருக்கு அவற்றை பேரைக் குடுத்திருப்பன், சேர். இன்னும் ஒரு இடத்துக்குப் போனதாலை என்ன?”

திரும்பி வரும் வழியெல்லாம் அச்சொல்லையே எண்ணினோம். அந்தக் கந்தோர்களுக்கு அவர் பெயரைக் கொடுத்தார். விடை வரும் என்ற நம்பிக்கையோடு, தம் கையாற் கொடுத்தார். எம் கணினியிலிருந்து போனதோ கொடுக்கப்பட்டதன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை அறிவதற்கேனும், நம் வீட்டிலிருந்து புறப்படும் கடிதங்களை ஒருமுறை பார்த்துவைப்பது நன்று.